கவலைக்குப் பாட்டுக் கட்டிய எட்டுக்கையார்

உலகத்தில் இனி நடக்கப்போகும் அத்தனை கெட்ட காரியங்களுக்கும் முன்கூட்டியே கவலைப்பட்டு முடித்துவிட்ட மனிதர் ஒருவர் திருச்செங்கோட்டில் இருக்கிறார். நீங்களும் நானும் புதிதாகக் கவலைப்பட அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவருக்கும் ஒரு பெயர் உண்டு, ரேஷன் கார்டில் அச்சிட்டிருக்கிறார்கள். தெருவில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் எட்டுக்கையார்தான்.

எனக்கு அந்த ஊர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. கணவருக்கு மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். தனியாகத் தங்க ஒரு மாடி வீடு தேடிக்கொண்டிருந்தபோது, மலைக்கோயில் நேராகத் தெரிகிற ஒரு தெருவில் பலகை தொங்கியது. மற்ற வீடுகளில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதியிருப்பார்கள். இங்கே 'மாடி வாடகைக்கு. படி செங்குத்து. பார்த்து ஏறவும்' என்று எழுதியிருந்தது.

கதவைத் தட்டினேன். முதலில் ஒரு தாழ்ப்பாள் விலகியது. பிறகு இன்னொன்று. மூன்றாவதும் விலகியபின் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர் தலையை மட்டும் நீட்டினார். நெற்றியில் திருநீறு. புருவங்கள் இரண்டும், இப்போதுதான் ஒரு தந்தி வந்ததுபோல உயர்ந்திருந்தன. அந்தப் புருவங்கள் இறங்கி நான் பார்த்தது பிறகு ஒரே ஒரு தடவைதான். அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

"அம்மிணி, உங்களுக்குத் தூக்கத்துல நடக்கற பழக்கம் உண்டுங்களா?" என்பது அவருடைய முதல் கேள்வி.

"இல்லைங்க."

"இல்லைன்னு எப்படிங்க தெரியும்? தூங்கறப்ப உங்களுக்குத் தெரியாதுல்லங்க."

நான் ஆத்தூர்க்காரி. எங்கள் பக்கத்தில் வாடகைக்கு வருகிறவர்களிடம் என்ன வேலை, எத்தனை பேர் என்று கேட்பார்களே தவிர இப்படிக் கேட்க மாட்டார்கள். அவர் தொடர்ந்து, வெளியே போகும்போது கேஸ் சிலிண்டரை மூடுவேனா, மூடினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேனா, திரும்பி வந்து பார்த்ததை மறந்துவிடுவேனா என்று கேட்டுக்கொண்டே போனார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி பாவாயக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அவரு கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லீட்டிருந்தீங்கன்னா இங்கயே நின்னு ரிட்டயர் ஆயிருவீங்க. பெட்டியக் கொண்டாந்து மாடில வையுங்க அம்மிணி. ஊடு உங்குளுதுதான்."

இப்படித்தான் குடியேறினேன். முதல் சனிக்கிழமை காலை கீழே ஒரு பெரிய கூட்டம் வாசிக்கிற சத்தம். தப்பட்டை அதிர்கிறது, உடுக்கை பேசுகிறது, சலங்கை குலுங்குகிறது, மவுத் ஆர்கனும் ஏதோ ஒரு தந்தி வாத்தியமும் ஒன்றையொன்று துரத்துகின்றன. நடுநடுவே சேகண்டி. இவற்றுக்கெல்லாம் மேலே, மலையுச்சிக்கே எட்டுகிற ஓர் ஆண்குரல். சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். முன்வாசலில் இருந்த அவருடைய வெல்டிங் பட்டறையில், ஓர் இரும்புச் சட்டத்துக்குள் எட்டுக்கையார் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சட்டத்தை அவரே வெல்டிங் வைத்துச் செய்திருந்தார். இடதுகால் மிதித்தால் ஒரு கம்பு போய்த் தப்பட்டையை அடிக்கும். வலதுகாலில் சலங்கை. முழங்கையை அசைத்தால் சேகண்டி. கழுத்தில் ஒரு கம்பி வளைவு, அதில் மவுத் ஆர்கன். தொடையிடுக்கில் உடுக்கை. மடியில் தந்தி வாத்தியம். இடுப்பில் புல்லாங்குழல் செருகியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அவருக்கு எட்டுக் கை இருக்கிறது என்றே தோன்றும். உண்மையில் இரண்டுதான். அவையும் எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும்.

"ஏனுங்கண்ணா, இத்தனையும் ஒருத்தரே எதுக்கு வாசிக்கணும்?" என்று பிறகொரு நாள் கேட்டேன்.

"தப்பட்டக்காரரு வர்ற வழியில பஞ்சராயிருச்சுன்னா என்னங்க பண்றது?" என்றார். "சரி, தப்பட்ட நாமளே கத்துக்கலாம்னு கத்துக்கிட்டனுங்க. அப்பறம் உடுக்கக்காரருக்குக் காச்ச வந்துட்டா? அதையும் கத்துக்கிட்டேன். புல்லாங்குழல்காரரு சம்சாரத்தோட சண்ட போட்டுட்டு வராமப் போயிட்டா? இப்படியே ஒவ்வொண்ணாக் கத்துக்க வேண்டியதாப் போச்சுங்க."

பாவாயக்கா வாசற்படியிலிருந்து சொன்னார்: "இவுருக்கே காச்ச வந்துட்டா என்ன பண்றதுன்னு கேளுங்க அம்மிணி."

எட்டுக்கையாரின் முகம் வெளுத்துவிட்டது. அதுவரை அதை அவர் யோசித்திருக்கவில்லை. அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

அவர் பாடகரான கதையும் கவலையில் பிறந்ததுதான். இளமையில் ரிக்கு வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரியில், போர் போடுகிற வேலை. திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது. அவரும் வருடத்தில் பாதி நாள் எங்கெங்கோ காட்டிலும் மேட்டிலும் இருப்பார். வண்டி பழுதாகி நின்ற ஊர்களில் அங்கங்கே இருந்த ஆட்களிடம் வாத்தியம் கற்றுக்கொண்டார். அந்தத் தந்தி வாத்தியத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவர் பேசிய மொழியும் தெரியாது. "அவுரு ஏதோ சொன்னாருங்க, நான் தலையாட்டுனேன், வந்துருச்சு" என்பார்.

போர் போடும்போது நானூறு அடி தாண்டியும் தண்ணீருக்குப் பதில் வெறும் பாறைத்தூள் புகையாக வந்தால், தோட்டத்துச் சொந்தக்காரர் ஒரு பக்கம் உட்கார்ந்துவிடுவார். அவரைவிட அதிகமாக எட்டுக்கையார் நடுங்குவார். நடுக்கத்தை மறைக்க ஒரு நாள் வாய்க்கு வந்ததைப் பாடினார்.

"எறங்கு சாமி எறங்கு, இன்னுஞ் சித்தெ எறங்கு,
பாறைக்கடியில தூங்குது தண்ணி, பையப் போயி எழுப்பு."

இரண்டாம் தடவை பாடி முடிப்பதற்குள் தண்ணீர் பீறிட்டு வந்துவிட்டது. தோட்டக்காரர் ரிக்கு முதலாளியை விட்டுவிட்டு இவருக்குத் துண்டு போர்த்தினார். அதற்கப்புறம், பாட்டுக்காரர் வருகிற வண்டியாக அனுப்புங்கள் என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் மீசையை முறுக்கியிருப்பார்கள். இவருக்குத் தூக்கம் போயிற்று. இனிமேல் தண்ணீர் வராவிட்டால் அது பாறையின் குற்றமில்லை, தன் தொண்டையின் குற்றம் என்று ஆகிவிடுமே.

அப்படியே ஆயிற்று. ராசிபுரம் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் தொள்ளாயிரம் அடி போயும் ஈரமில்லை. வண்டி கிளம்பும்போது அந்தத் தோட்டக்காரர் ரிக்கு முதலாளியைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை பாடிப் பார்க்கக் கூடாதா என்று கேட்கிற மாதிரி பார்த்தார்.

"நான் பாடுனனுங்க அம்மிணி. வண்டிய நிறுத்தச் சொல்லீட்டு எறங்கிப் போயி, அந்தக் குழிகிட்ட உக்காந்து பாடுனேன். ஒண்ணும் வரலைங்க. அவுரு எனக்கு ஒரு சொம்பு மோரு குடுத்தாரு. அது எங்கிருந்து கொண்டாந்தாரோ."

அடுத்த நாள் ரிக்கு வேலையை விட்டுவிட்டு வெல்டிங் பட்டறை வைத்தார். பட்டறையில் சட்டம் செய்தார். சட்டத்துக்குள் உட்கார்ந்து கோயில் விழாவுக்கும் கல்யாணத்துக்கும் பாடப் போனார்.

பாடப் போனார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். மாலை நிகழ்ச்சிக்கு அவர் காலையிலேயே போய்விடுவார். குமாரபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு, வழியில் லாரி ஏதாவது கவிழ்ந்து பாதையை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து முந்தின நாளே போய் இறங்கினார். மண்டபத்தில் அன்றைக்கு வேறு கல்யாணம். அவர்கள் இவரை வரவேற்று, பந்தியில் உட்காரவைத்து, மேடையிலும் ஏற்றிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் ஏற்பாடு என்று நினைத்தார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு என்று நினைத்தார்கள். நான் நாளைக்குரிய ஆள் என்று சொல்ல இவருக்குப் பயம். மூன்று மணி நேரம் பாடினார். மறுநாள் உண்மையான கல்யாணத்தில் தொண்டை கட்டிப்போய், முக்கால்வாசி உடுக்கையிலேயே ஒப்பேற்றினார். இரண்டு குடும்பமும் இன்றைக்கும் அவரைப் புகழ்கிறார்கள். முதல் குடும்பத்தினர் அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிட்டார்கள். அந்தத் தேதியை அவர் என்னிடம் நான்கு தடவை சரிபார்த்தார்.

அவர் கட்டுகிற பாட்டெல்லாம் அவருடைய சொந்தக் கவலைகள்தான். பால் பொங்கிவிடுமோ என்று ஒரு பாட்டு. பஸ்ஸில் தப்பான பக்கம் உட்கார்ந்துவிட்டேனோ என்று ஒன்று. அவற்றில் ஒன்றுதான் அவரை ஊரறிய வைத்தது.

"பூட்டுனனா பூட்டலையா, பாதி வழி வந்தாச்சு,
சாவி கெடக்குது சட்டப்பையில, சந்தேகம் கெடக்குது நெஞ்சுக்குள்ள."

சங்ககிரி பக்கம் ஒரு கோயில் விழாவில் இதைப் பாடிக்கொண்டிருந்தபோது, அவருக்குத் திடீரென்று வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறதோ என்ற நிஜமான சந்தேகம் வந்துவிட்டது. பாட்டை நிறுத்தவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. ஆகவே ராகத்தை விடாமல், "பாவாயீ, மோட்டார நிறுத்துனியா?" என்று உச்சத்தில் இழுத்தார். கூட்டத்தில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த பாவாயக்கா அதே ராகத்தில், "நிறுத்தீட்டனுங்க, நீங்க பாடுங்க" என்றார். கூட்டம் சிரித்து அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் ஈரோட்டு பஸ்களிலும் அதுதான் ஓடியது. எங்கள் கல்லூரி விடுதி மாணவர்கள் தேர்வு எழுதிவிட்டு வரும்போது, "எழுதுனனா எழுதலையா" என்று மாற்றிப் பாடினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்தார் கூப்பிட்டார்கள். எட்டுக்கையார் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"எனக்கு அது அடிக்கறதப் பாத்தாலே நெஞ்சு அடிக்குதுங்க. நீங்க ஆபீசுல வேல செய்யறவங்க. நீங்களே பேசீருங்க சாமி."

அன்றிலிருந்து நான் சம்பளமில்லாத காரியதரிசி. வெளிநாட்டுக்காரர்களிடம் தேதி பேசி முடித்தால், இவர் என் மேஜைக்கு எதிரே நின்று, "ஏரோப்பிளேன்ல என்ற சட்டத்த எங்க வெப்பாங்க? நடுவானத்துல தப்பட்ட தானா அடிச்சுதுன்னா?" என்பார். பயணத்தை ரத்து செய்தேன். மறுபடி பேசினேன். மறுபடி ரத்து செய்தேன். அந்தச் சங்கத்துச் செயலாளரும் நானும் கடைசியில் வீட்டுக் கதைகளையெல்லாம் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டோம்.

இந்த நேரத்தில்தான் அவருக்குக் குரல் கம்மியது. சளி என்றார்கள், கஷாயம் வைத்தார்கள். ஒரு மாதமாகியும் தெளியவில்லை. உச்சத்தில் பாடும்போது குரல் நடுவில் அறுந்துபோய், காற்று மட்டும் வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் தொண்டை பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் மூன்று பேரும் போனோம். குழாயை விட்டுப் பார்த்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: குரல்நாணில் ஒரு கட்டி இருக்கிறது. அறுவை செய்து எடுக்க வேண்டும். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது என்ன மாதிரி கட்டி என்று தெரியும். குரல் எப்படி வரும் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது.

நானும் பாவாயக்காவும் எட்டுக்கையாரைப் பார்த்தோம். கேள்விகள் மழையாகக் கொட்டப்போகின்றன, அந்த டாக்டரம்மா இன்றைக்கு மதியச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரிதான் என்று நினைத்தேன்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரீங்க" என்றார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். அந்தப் புருவங்கள் இறங்கியிருந்தன.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிக்கெட்டைச் சரிபார்க்கவில்லை. டிரைவர் வேகமாக ஓட்டினார், இவர் ஒன்றும் சொல்லவில்லை. சங்ககிரியில் பஸ் நின்றபோது டயரைப் பார்க்க இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தால், காலையில் கிளம்பிய பதற்றத்தில் அவர் கதவைப் பூட்டாமலே வந்திருந்தது தெரிந்தது. மூன்று தாழ்ப்பாள் கதவு பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டும் தாழ்ப்பாளைத் தொடாமல் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

பாவாயக்கா என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். இருபது வருடமாக அந்த மனிதரைக் கேலி செய்தே சமாளித்தவர் அவர். அன்றைக்கு அவருக்குக் கேலி வரவில்லை.

"இத்தன வருசம் இந்த மனுசன் கவலப்படறதப் பாத்துச் சிரிச்சேன் அம்மிணி. இப்பக் கவலப்படாம உக்காந்திருக்காரு பாருங்க. அதப் பாக்கத்தான் பயமா இருக்குது."

அதன்பிறகு அவருடைய கவலைகளையெல்லாம் நாங்கள் இருவரும் எடுத்து நடத்தவேண்டியதாயிற்று. பாவாயக்கா தினமும் மூன்று தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்தார். நான் அலுவலகம் போகிற வழியில் பாதி தூரம் போய்த் திரும்பிவந்து கேஸை மூடினேனா என்று பார்த்தேன். தொலைபேசி அடித்தால் என் நெஞ்சும் அடிக்க ஆரம்பித்தது. மேட்டூரிலிருந்து வந்த என் கணவர், "நீ எப்பேர்ந்து தூங்கறப்ப எழுந்து தாழ்ப்பாள பாக்க ஆரம்பிச்ச?" என்று கேட்டார்.

அறுவை முடிந்தது. மூன்று வாரம் ஒரு சொல் பேசக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது, ஊதுகிற வாத்தியத்தைத் தொடவும் கூடாது என்று உத்தரவு. வீட்டில் ஒரு புதுப் பாஷை தொடங்கியது. உடுக்கையில் ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. சேகண்டி அடித்தால் பசிக்கிறது. தப்பட்டை அடித்தால் கோபம். பால்காரர் ஒரு நாள் காலையில் வந்து, "இன்னிக்கு அரை லிட்டர் சேர்த்தி ஊத்தட்டுங்களா?" என்று கேட்க, உள்ளேயிருந்து உடுக்கை இரண்டு தட்டு தட்டியது. அவர் பயந்துபோய், சாமி வந்திருக்கிறது என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கணவன் மனைவிச் சண்டையும் நடந்தது. கஞ்சியில் உப்பில்லை என்று அவர் தப்பட்டையில் ஓர் அடி வைத்தார். பாவாயக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்ன சொன்னீங்க? இன்னொருக்கா அடிங்க பாக்கலாம்" என்றார். மறுபடி அடி விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சலங்கை மெதுவாக ஒரு தடவை குலுங்கியது. மன்னிப்புக்கான ஒலி அது என்று நான் புரிந்துகொண்டேன்.

இத்தனைக்கும் நடுவே அந்தத் தந்தி வாத்தியத்தை மட்டும் அவர் தொடவே இல்லை. மனதில் கவலை வந்தால் அதைத்தான் எடுப்பார். அது உறையோடு சுவரில் தொங்கியது.

பரிசோதனை முடிவு வாங்கவேண்டிய நாள் வந்தது. அவரைப் பஸ்ஸில் அலையவிட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பாவாயக்கா கிளம்பி, புடவை மாற்றி, வாசல்வரை வந்து, திரும்பி உள்ளே போய்விட்டார்.

"என்னால ஆவாது அம்மிணி. அந்தக் கவர வாங்கற தெம்பு எனக்கில்ல. நீங்க போயிட்டு வாங்க. வந்து, என்னவா இருந்தாலும், மொதல்ல என்ற மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். ஒரு மணி நேரப் பயணத்தில் நான் யோசிக்காத கெட்ட காரியம் ஏதுமில்லை. எட்டுக்கையாரிடம் பயின்ற பயிற்சி அது. அஸ்தம்பட்டியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தபோது, எதிரே சுவரில் ஒரு தொண்டையின் படம் மாட்டியிருந்தார்கள். அவ்வளவு சின்னத் துவாரத்துக்குள்ளிருந்தா அந்தப் பாட்டெல்லாம் வந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் எண்ணை இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

டாக்டரம்மா தாளைப் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பயப்படற மாதிரி கட்டி இல்லை. சாதாரணக் கட்டிதான். ஆனா குரல் பழையபடி உச்சிக்குப் போறது சந்தேகம். அதை அவர்கிட்ட மெதுவா சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்து போனைக் கையில் எடுத்தேன். பாவாயக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னது நினைவுக்கு வந்தது. பஸ்ஸுக்கு நிற்காமல் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வாசலிலேயே இருவரும் நின்றிருந்தார்கள். பாவாயக்காவின் முகத்தைப் பார்த்து, "ஒண்ணுமில்லைங்கக்கா. சாதாரணக் கட்டிதானாம்" என்றேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எட்டுக்கையார் பக்கம் திரும்பி, உச்சக்குரல் பற்றியும் சொன்னேன். மெதுவாகச் சொல்லவேண்டும் என்று காரில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டுவந்து நீட்டினார்.

'இது என்னோட ரிப்போர்ட்டுதானுங்களா? வேற யாருதாவது மாத்திக் குடுத்துட்டாங்களா?'

நிமிர்ந்து பார்த்தேன். புருவங்கள் இரண்டும் ஏறி நெற்றியில் நின்றன.

பாவாயக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டிருந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. "வந்துட்டாரு அம்மிணி, எங்கூட்டுக்காரரு வந்துட்டாரு" என்றார். அன்று பொழுது சாயும் நேரம் மாடியில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கீழே அந்தத் தந்தி வாத்தியம் ஒலித்தது. ஒரே சுரம், திரும்பத் திரும்ப. என்ன கவலையோ தெரியாது. கேட்க நிம்மதியாக இருந்தது.

மூன்று வாரம் முடிந்து பேசவேண்டிய நாளில் பாவாயக்கா விளக்கேற்றி, "மொத வார்த்த சாமி பேரா இருக்கட்டும்" என்றார். எட்டுக்கையார் கண்ணை மூடிக் கைகூப்பினார். வாயைத் திறந்தார். அந்தச் சமயம் மேலே தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"மோட்டாரு" என்றார்.

கரகரப்பாக, ஒரு பெரிய அண்டாவின் அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது குரல். அது அவருடையது என்று நம்ப எங்களுக்குச் சில நொடிகள் ஆயின. மோட்டாரை நிறுத்த மூவருமே ஓடினோம்.

இரண்டு மாதம் கழித்து ராசிபுரம் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் விழாவுக்கு அவரை மேடையேற்றினார்கள். நானும் பாவாயக்காவும் முன்வரிசையில் இருந்தோம். கூட்டம் எடுத்த எடுப்பில் பூட்டுப் பாட்டைக் கேட்டது. அவர் ஆரம்பித்தார். உச்சத்துக்கு ஏறவேண்டிய இடத்தில் குரல் தடுக்கி, காற்றாகி, நின்றுவிட்டது. தப்பட்டையும் நின்றது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு குழந்தை இருமியது கேட்டது.

எட்டுக்கையார் மைக்கை நெருங்கினார். "மேல போவலீங்க" என்றார். "கீழயே பாடட்டுங்களா?"

முன்னால் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி, "நீங்க எங்க நின்னு பாடுனாலும் எங்குளுக்குக் கேக்குமுங்க. பாடுங்க" என்றார்.

பேசாமல் இருந்த நாட்களில் கட்டிய பாட்டு ஒன்றை அவர் எடுத்தார். தப்பட்டை இல்லை, சேகண்டி இல்லை. அந்தத் தந்தியும், பேச்சு மாதிரி தணிந்த குரலும் மட்டும்.

"பேசாத நாளுல பேச்சுச் சத்தம் கேட்டனுங்க,
குக்கரு பேசுச்சு, கொசுவு பேசுச்சு, கூட இருந்தவ பேசுனா,
இருவது வருசமாப் பேசுனாளாமா,
இப்பத்தான் எனக்குக் கேட்டுது."

பக்கத்தில் பாவாயக்கா தலையைக் குனிந்துகொண்டார். "இந்த மனுசனுக்கு வெக்கமே இல்ல" என்று முணுமுணுத்தார். என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று வளைந்துபோயிற்று, அவருடையதல்ல, என்னுடையது.

இப்போது அவருக்கு அந்தத் தணிந்த குரலில் ஏகப்பட்ட பாட்டு. பழையதைவிட அதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். விமானத்திலும் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டார். வானத்தில் இருந்த நேரம் முழுக்கப் பாவாயக்காவின் கையை விடவில்லை என்று அந்தச் சங்கத்துச் செயலாளர் எனக்குச் சொன்னார்.

சென்ற வருடம் நான் வேலையை மாற்றிக்கொண்டு கணவரோடு மேட்டூருக்கே வந்துவிட்டேன். வந்ததிலிருந்து அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று செய்தி வரும் நாளெல்லாம், அடித்தாலே அவர் பயப்படுகிற அந்தப் போனிலிருந்து எனக்கு அழைப்பு வரும். "அம்மிணி, நீங்க அணைக்கு மேலண்ட இருக்கீங்களா, கீழண்ட இருக்கீங்களா? துணியெல்லாம் மாடிக்குக் கொண்டு போயிட்டீங்களா?" நாங்கள் இருப்பது மேட்டில், மூன்றாவது மாடியில் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும், "எதுக்கும் பாத்துக்குங்க சாமி" என்பார்.

போன வாரம் மதகைத் திறந்தார்கள். காலையிலிருந்து போன் வரவில்லை. சமைக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். குளிக்கப் போகும்போது வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போனேன். மதியம் தாண்டியும் வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"ஐயோ அம்மிணி, ஒரு புதுப்பாட்டுல உக்காந்துட்டனுங்க. உங்களக் கேக்கோணும்ங்கறதே மறந்து போச்சுங்க" என்றார்.

மறந்துவிட்டாராம். உடம்பு சரியாக இருக்கிறதா, தொண்டை எப்படி இருக்கிறது, பாவாயக்கா நலமா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்தேன். போனை வைக்கும் முன் சொன்னேன்:

"இனிமேல் மறக்காதீங்கண்ணா."